மணி ஓய்ந்த ஆலயங்கள்

நெதர்லாந்து நாட்டின் தென்கோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டி, மாஸ் ஆற்றின் கரையில் மாஸ்திரிக்ட் என்னும் தொன்மையான நகரம் அமைந்திருக்கிறது. உரோமையர் காலத்தில் இவ்விடம் ஆற்றைக் கடக்கும் துறையாக இருந்தது. அந்தத் துறையின் பெயரே பின்னர் ஊரின் பெயராயிற்று. நெதர்லாந்தின் வட பகுதிகள் திருச்சபையை விட்டுப் பிரிந்த காலத்திலும், இந்தத் தென்பகுதி மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்க விசுவாசத்திலேயே நிலைத்திருந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயரான புனித செர்வாசியாரின் கல்லறை இங்கே இருக்கிறது. அவருடைய திருப்பண்டங்களை ஏழாண்டுக்கு ஒருமுறை பவனியாக எடுத்துச் செல்லும் திருவிழா, 2018ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் நடைபெற்றது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1985ஆம் ஆண்டு மே மாதம் நெதர்லாந்து நாட்டிற்குச் சென்றபோது இந்நகரையும் சந்தித்தார்.

இத்தகைய ஊருக்குச் செல்லும் தமிழ்க் கத்தோலிக்கன், ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று கோபுரங்களையும் கூரை முகடுகளையும் எண்ணத் தொடங்குவான். எத்தனை ஆலயங்கள் என்று வியப்பான். நகருக்குள் இறங்கி நடந்தால்தான் அவற்றுள் பல, பூசை நின்றுபோன ஆலயங்கள் என்பது தெரியவரும். ஒன்று புத்தகக் கடை. ஒன்று தங்கும் விடுதி. ஒன்று ஆவணக் காப்பகம். மற்றொன்று நாடக அரங்காக இருந்த மண்டபம். முதலில் மனம் திடுக்கிடுகிறது. பிறகு வருத்தம் வருகிறது. இன்னும் சற்று நேரம் நின்று பார்த்தால், வருத்தத்தோடு வேறோர் உணர்வும் கலந்து வருகிறது. அந்தக் கலப்பு உணர்வைப் பற்றியே இக்கட்டுரை.

புத்தகக் கடையான திருக்கோவில்

சாமிநாதர் சபைத் துறவியர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாஸ்திரிக்ட் நகருக்கு வந்தார்கள். அவர்கள் எழுப்பிய ஆலயம் 1294ஆம் ஆண்டு அபிஷேகம் செய்யப்பட்டது. உயர்ந்த கல் தூண்கள், கூரிய வளைவுகள், நெடிய சாளரங்கள் என்று, நிமிர்ந்து பார்ப்பவன் கழுத்து வலிக்கும் உயரத்தில் அது நிற்கிறது. ஐந்நூறு ஆண்டுகள் அங்கே மறையுரையும் சங்கீத செபமும் ஒலித்தன. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நகரைக் கைப்பற்றியது. 1796இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டன. சாமிநாதர் சபையார் வெளியேற்றப்பட்டனர். பீடத்தில் விளக்கு அணைந்தது.

அதன்பின் அந்த ஆலயம் பட்ட பாடு கொஞ்சமன்று. பண்டகசாலையாக இருந்தது, இசை நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் அதில் நடந்தன, குழந்தைகளின் வேடிக்கை விழாக்களுக்கும் இடம் கொடுத்தது. ஒரு காலத்தில் அது நகரவாசிகள் தங்கள் சைக்கிள்களை நிறுத்திவைக்கும் கொட்டகையாகவும் கிடந்தது. திவ்விய நற்கருணையை ஏந்திய குருக்கள் நடந்த தளத்தில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்த காட்சியை நினைக்கவே நெஞ்சு கூசுகிறது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே புத்தகக் கடை திறக்கப்பட்டது. கடைக்கு வேண்டிய இடம் ஏறத்தாழ 1,200 சதுர மீட்டர்; ஆலயத் தளமோ 750 சதுர மீட்டர்தான். இடையே ஒரு மாடி கட்டினால் ஆலயத்தின் உயரம் மறைந்துவிடும். ஆகவே கட்டடக் கலைஞர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆலயத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், தூண்களை ஒட்டி, கருநிற எஃகினால் மாடி மாடியாக உயர்ந்த பெரியதொரு புத்தக அடுக்கை நிறுத்தினார்கள். மக்கள் அதற்குள்ளேயே படியேறி நடந்து புத்தகங்களைப் பார்க்கலாம். மறுபக்கம் தரையிலிருந்து விதானம்வரை வெறுமையாகவே விடப்பட்டது. அந்த எஃகு அடுக்கு பழைய கட்டடத்தின் உறுப்பாகாமல் தனியே நிற்கிறது. நாளை அதை அகற்றினால் ஆலயம் ஆலயமாகவே இருக்கும். விருந்தினர் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காமல் குடியிருக்கும் நல்ல வாடகைக்காரனைப் போன்ற பணிவு அதில் தெரிகிறது.

மேல்மாடியில் ஏறினால், கீழே நின்று பார்க்கும் எவருக்கும் எட்டாத விதானத்து ஓவியங்களை அருகில் காணலாம். பக்கச் சுவர் ஒன்றில் மங்கிய பழைய ஓவியமும் இருக்கிறது. அது 1337ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புனித அக்குவினோ தோமையாரின் வாழ்க்கைக் காட்சிகளைக் கூறுவது. தோமையார் புனிதராக உயர்த்தப்பட்டது 1323இல். அதாவது, புனிதர் பட்டம் கிடைத்துப் பதினான்கே ஆண்டுகளில், அவருடைய சபைச் சகோதரர்கள் இங்கே சுவரில் அவரைத் தீட்டி வைத்துவிட்டார்கள். இன்று அந்த ஓவியத்தின் முன் நூல்கள் குவிந்திருக்கின்றன. வாழ்நாளெல்லாம் படித்தும் எழுதியும் கழித்த அந்த மேதை, தம் ஆலயம் சைக்கிள் கொட்டகையாக இருந்ததைக் காட்டிலும் புத்தகச் சாலையாக இருப்பதை வெறுக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. கல்வியையும் போதனையையும் தம் தவமாகக் கொண்ட சபையின் வீடு அல்லவா அது!

ஆயினும் மனம் முழுவதும் இசையவில்லை. பலிபீடம் நின்ற திருமுற்றத்தில் காப்பிக் கடை வைத்தார்கள். அங்கே போட்ட நீண்ட மேசையைச் சிலுவை வடிவத்தில் அமைத்தார்கள். செய்தவர்கள் ஒருவேளை மரியாதையாகவே எண்ணிச் செய்திருக்கலாம். ஆனால் சிலுவையின் மேல் காப்பிக் கோப்பையை வைக்க ஒரு கத்தோலிக்கனின் கை தயங்கும். கட்டடத்தின் அழகைக் காப்பாற்றுவது வேறு. அதன் அடையாளத்தை அலங்காரப் பொருளாக்குவது வேறு. எஃகு அடுக்கில் கண்ட பணிவு, அந்த மேசையில் காணவில்லை.

2014ஆம் ஆண்டில் கடையை நடத்திய நிறுவனம் நொடித்துப்போயிற்று. அப்போது நகர மக்களே முன்வந்து பணம் திரட்டிக் கொடுத்து, கடையைத் தனி நிறுவனமாக மீண்டும் நடக்கச் செய்தார்கள். அவர்கள் காத்தது ஒரு கடையைத்தான். எனினும் பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்த ஆலயம் மறுபடியும் இருளில் கிடக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை என்பதையும் நாம் நினைக்கவேண்டும்.

மூன்று வீடுகள், மூன்று விதிகள்

சற்றுத் தொலைவில் திருச்சிலுவைத் துறவியரின் மடமும் ஆலயமும் உள்ளன. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்தவை. 2005ஆம் ஆண்டு முதல் அது உயர்தர விடுதி. தவசிகள் தங்கிய மடத்தில் செல்வர்கள் துயில்கிறார்கள். ஆலயத்தின் நடுவே எழுப்பிய மேல்தளத்தில் காலை உணவு பரிமாறப்படுகிறது. பழைய கல்வேலையைச் செம்மையாகப் புதுப்பித்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் வீட்டில், காசு உள்ளவன்தான் இரவு தங்க முடியும் என்பது உறுத்தும் செய்திதான்.

இயேசு சபையாரின் ஆலயத்திற்கு நேர்ந்த கதை வேறு. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். ஆளில்லாத ஆலயத்தை நகரத்தார் நாடக அரங்காக மாற்றி 1789இல் திறந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்குமேல் அங்கே கூத்தும் பாட்டும் நடந்தன. பிரெஞ்சுப் படை வருமுன்னரே, திருச்சபையின் சொந்த ஆணையால் வெறுமையான ஆலயம் அது. ஆலயங்களைப் பறிப்பவர் எப்போதும் பகைவரே என்று நாம் எண்ணினால், இந்தக் கட்டடம் நம்மைத் திருத்துகிறது.

அசிசியாரின் சபைத் துறவியர் முதலில் கட்டிய ஆலயம் இன்று வரலாற்று ஆவணக் காப்பகமாக இருக்கிறது. முன்பு படைக்கலக் கொட்டிலாகவும் கிடந்த இடம் இது. இப்போது லிம்பர்க் மாநிலத்தின் பழஞ்சுவடிகள் இங்கே காக்கப்படுகின்றன. அவற்றுள் பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் அடக்கப் பதிவேடுகளும் உண்டு. தம் முன்னோர் எந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார், யார் ஞானத்தாய், யார் ஞானத்தந்தை என்று தேடுகிறவர்கள் இதன் வாசலை நாடி வருகிறார்கள். நான் பார்த்த மாற்றங்களுள் என் மனம் மிகவும் அமைதியடைந்தது இங்கேதான். திருமுழுக்கின் நினைவைக் காப்பது ஒரு ஆலயத்திற்குத் தகாத தொழிலன்று.

கொல்லன் உலையும் அன்னையின் பீடமும்

இனி, இந்நகரில் கண்டவற்றுள் நெஞ்சை விட்டு அகலாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

நகரின் தென்புறத்தில் தேவ அன்னையின் பேராலயம் நிற்கிறது. கோட்டைச் சுவரைப்போல் உயர்ந்த, சாளரங்கள் குறைந்த மேற்கு முகப்பைக் கொண்டது. அதன் வாசலை ஒட்டிய சிற்றாலயத்தில் சமுத்திரத்தின் நட்சத்திரம் என்று அழைக்கப்படும் மாதாவின் சுரூபம் இருக்கிறது. மரத்தினால் ஆன பழைய சுரூபம். அதன்முன் எந்த நேரமும் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்கின்றன. கடைக்குப் போகிற பெண்கள் பையோடு வந்து முழந்தாளிடுகிறார்கள். மாணவர்கள் தேர்வுக்குமுன் ஒரு திரி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். வேளாங்கண்ணியையும் பூண்டியையும் அறிந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது; மொழிதான் வேறு.

இந்த ஆலயமும் ஒருகாலத்தில் மூடப்பட்டதே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் குருக்கள் சபை கலைக்கப்பட்டபின், படைவீரர்கள் இதைக் கொல்லன் பட்டறையாகவும் குதிரை லாயமாகவும் பயன்படுத்தினார்கள். இன்று தூபம் எழும் இடத்தில் அன்று உலைப்புகை எழுந்தது. செபம் ஒலிக்கும் இடத்தில் குதிரைகள் கனைத்தன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. இக்காலத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு அது ஆலயம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருக்கும். ஆனால் சுவர் நின்றது. விதானம் நின்றது. 1837ஆம் ஆண்டு அது மீண்டும் வழிபாட்டுக்குத் திரும்பியது.

அந்தப் பேராலயத்தின் அருகிலேயே புனித நிக்கோலாசின் பங்கு ஆலயம் ஒன்று இருந்தது. சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய மாதாவின் சுரூபம், முதலில் அசிசியாரின் துறவியர் ஆலயத்தில் இருந்து, அவர்கள் சபை கலைந்தபின் இந்த நிக்கோலாஸ் ஆலயத்திற்கு வந்திருந்தது. பெரிய ஆலயம் வழிபாட்டுக்குத் திரும்பியதும், பங்கு மக்கள் அங்கே சென்றார்கள்; மாதாவின் சுரூபமும் அங்கே சென்றது. நிக்கோலாஸ் ஆலயம் 1838இல் இடிக்கப்பட்டது. இன்று அது நின்ற இடத்தில் வெறும் திடல்தான் இருக்கிறது.

இவ்விரண்டு ஆலயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நாற்பது ஆண்டுகள் இழிவுபட்டும் திரும்பி வந்தது. மற்றொன்று கடைசி நாள்வரை பூசை நடந்த ஆலயம்; இழிவு எதுவும் படவில்லை; ஆனால் இடிக்கப்பட்டது; ஆகவே திரும்பி வரவே முடியாது. நின்றுகொண்டிருக்கும் சுவருக்கு எதிர்காலம் உண்டு. இதை எண்ணும்போது, புத்தகக் கடையைப் பார்த்து ஏற்பட்ட கசப்பு சற்றுக் குறைகிறது. அந்தக் கடை, ஆலயத்தை நாளைக்காகக் காத்துவைக்கும் காவற்காரனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மாதாவின் சுரூபம் பல ஆலயங்களைக் கண்டது. ஒன்று ஆவணக் காப்பகமாயிற்று, ஒன்று மண்ணாயிற்று, ஒன்றில் அது இன்றும் இருக்கிறது. சுரூபம் போகுமிடமெல்லாம் முழந்தாளிடும் மக்களும் போனார்கள். கட்டடத்தைப் பின்தொடர்ந்து விசுவாசம் போகவில்லை. விசுவாசத்தைப் பின்தொடர்ந்துதான் ஆலயம் பிறந்தது.

நாம் குடிபுகுந்த வீடுகள்

நம் ஆலயங்களில் பிறர் குடியேறுவதைக் கண்டு வருந்தும்போது, நாம் பிறருடைய வீடுகளில் குடியேறிய வரலாற்றையும் மறத்தல் ஆகாது. உரோமை நகரின் பந்தேயோன், பழைய உரோமைத் தெய்வங்களுக்கு எழுப்பப்பட்ட கோவில். 609ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் போனிபாசு அதைத் தேவ அன்னைக்கும் வேதசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்தார். பேரரசர் தியோக்கிளேசியான் காலத்துக் குளியல் மாளிகையின் ஒரு பகுதியை, 1561இல் திருத்தந்தை நான்காம் பத்திநாதரின் விருப்பப்படி, மைக்கலாஞ்சலோ அன்னை மரியாளுக்கும் வானதூதர்களுக்கும் உரிய ஆலயமாக வகுத்தார். 601ஆம் ஆண்டிலேயே பெரிய கிரகோரியார், இங்கிலாந்தில் மறைபரப்பச் சென்றவர்களுக்குப் பழைய கோவில்களை இடிக்காமல் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துமாறு எழுதினார்.

பந்தேயோன் இன்றுவரை குலையாமல் நிற்பதற்கு, அது ஆலயமாக மாறியதே பெரிய காரணம். அக்காலத்தில் பழைய தெய்வங்களை வணங்கியவர்கள் எவரேனும் அதைக் கண்டு கண்ணீர் வடித்திருப்பார்களா? வடித்திருக்கலாம். கட்டடங்கள் மனிதரைவிட நெடுநாள் வாழ்பவை. பல எசமானரைக் காண்பவை. இதை உணர்ந்தால் நம் துயரத்தில் சிறிது தாழ்ச்சி கலக்கும்.

திருச்சபை சொல்வது என்ன?

இந்தக் காரியத்தில் திருச்சபை மனம்போன போக்கில் செல்வதில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222ஆம் பிரிவு இதைப்பற்றிப் பேசுகிறது. ஓர் ஆலயம் எவ்வகையிலும் வழிபாட்டுக்குப் பயன்படாத நிலையில், பழுதுபார்க்கவும் வழியில்லையென்றால், ஆயர் அதை உலகப் பயனுக்கு விடலாம். ஆனால் அந்தப் பயன் இழிவானதாக இருத்தல் கூடாது. வேறு கனமான காரணங்கள் இருந்தாலும், குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டு, உரிமையுள்ளவர்களின் இசைவைப் பெற்று, ஆன்மாக்களின் நன்மைக்குக் கேடு வராது என்று உறுதிசெய்த பின்னரே ஆயர் அவ்வாறு விடலாம். ஆலயம் உலகப் பயனுக்குப் போனாலும், அதிலிருந்த பலிபீடம் தன் அபிஷேகத்தை இழப்பதில்லை என்று 1238ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே பீடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாகாது.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உரோமையில், கிரகோரியன் பல்கலைக்கழகத்தில், மூடப்படும் ஆலயங்களைப்பற்றிய மாநாடு ஒன்று நடந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதற்குச் செய்தி அனுப்பினார். சில ஆலயங்கள் இனித் தேவைப்படாமற் போவதைக் கண்டு கலங்கவேண்டாம். அதைக் காலத்தின் அறிகுறியாகக் கொண்டு சிந்தியுங்கள் என்பது அதன் கருத்து. திருச்சபையின் செல்வம் எது என்று கேட்டபோது ஏழைகளைக் காட்டிய புனித லாரன்சையும் அவர் நினைவூட்டினார். ஒரு பழைய ஆலயம் ஏழைகளுக்கு உணவளிக்கும் இடமானால், அதைக் கண்டு யாரும் துயருறவேண்டியதில்லை. மாஸ்திரிக்டில் விடுதியைக் கண்டபோது உறுத்தியதும், காப்பகத்தைக் கண்டபோது மனம் ஆறியதும் ஏன் என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது.

நம் குடும்பங்களுக்கு ஒரு சொல்

மாஸ்திரிக்டின் மடத்து ஆலயங்களுள் பலவற்றை அன்று அரசின் ஆணை மூடியது. துறவியர் அழுதுகொண்டே வெளியேறினார்கள். இன்று ஐரோப்பாவில் மூடப்படும் பங்கு ஆலயங்களின் கதை வேறு. அவற்றை எந்தப் படையும் முற்றுகையிடவில்லை. ஒரு ஞாயிறு ஒரு குடும்பம் வரவில்லை. அடுத்த ஆண்டு பத்துக் குடும்பங்கள் வரவில்லை. தாத்தாவும் பாட்டியும் மட்டும் வந்தார்கள். அவர்களும் கல்லறைத் தோட்டத்திற்குப் போனபின் பெஞ்சுகள் காலியாயின. கூரை ஒழுகியபோது ஓடு மாற்றவும் ஆளில்லை. கடைசியாக வந்து கையெழுத்திட்ட ஆயரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அவருக்கு முன்னமே, வீடுகளில் செபமாலை நின்ற இரவிலேயே, அந்த ஆலயத்தின் கதவு பாதி மூடிவிட்டது.

நம் நாட்டில் திருவிழா நாளில் ஆலயம் கொள்ளாமல் வெளியே பந்தல் போடுகிறோம். புதிய ஆலயங்கள் கட்ட வீடுதோறும் வரி பிரிக்கிறோம். ஆகவே இது நமக்கு வராது என்று இருந்துவிடுதல் எளிது. மாஸ்திரிக்டின் துறவியரும் தம் ஆலயத்தை அபிஷேகம் செய்த 1294ஆம் ஆண்டில் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். மேலும், நம் பழைய கிராமங்களிலிருந்து இளைஞர் நகரங்களுக்குக் குடிபெயர்வதை நாமே காண்கிறோம். முன்னோர் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய சிறு கோவில்கள் சில, ஆண்டுக்கொரு திருவிழாவுக்கு மட்டும் கதவு திறக்கும் நிலையை எய்தக்கூடும். அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி ஒருநாள் நம் பங்குப் பேரவைகளிலும் எழலாம். அப்போது அவசரப்பட்டு இடிக்கவேண்டாம். ஏலத்துக்கு விட்டுவிட்டு ஒதுங்கவும் வேண்டாம். படிப்பகமாக, முதியோர் கூடும் இடமாக, பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லும் கூடமாக அது வாழட்டும். பீடத்தை மரியாதையோடு எடுத்துச் செல்வோம். சுவரை நிற்கவிடுவோம். தேவ அன்னையின் பேராலயம் நாற்பது ஆண்டுகள் பொறுத்திருந்தது. நம் கோவிலும் பொறுக்கும்.

ஆலயம் திரும்பி வருவதற்குச் சுவர் மட்டும் போதாது. திரும்பி வர மக்களும் வேண்டும். 1837இல் அந்தக் கதவு திறந்தபோது உள்ளே நுழைய ஒரு கூட்டம் காத்திருந்தது. பூசையில்லாத ஆண்டுகளில் வீட்டில் செபம் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த தாய் தந்தையரின் கூட்டம் அது. சாமிநாதரின் ஆலயத்திற்கும் ஒருநாள் அத்தகைய கூட்டம் வருமா என்பது இறைவனுக்கே தெரியும். நம் ஆலயத்தைப் பொறுத்தவரை அதற்குரிய பதில், இன்றிரவு நம் வீட்டில் எத்தனை பேர் செபமாலைக்கு அமர்கிறோம் என்பதில் இருக்கிறது.